பாத்திக்குப் போக, வேலிக்கு

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் முழுத் தூக்கம் கிடையாது. ராத்திரி எந்நேரமும் பனைவிளையில் ‘தொம்’மென்று ஒரு சத்தம் கேட்கும். பனம்பழம். வெறும் மணலில் விழுந்தால் ஒரு சத்தம், காய்ந்த ஓலைமேல் விழுந்தால் வேறொரு சத்தம். திண்ணையில் படுத்திருக்கும் ஆச்சி கண்ணைத் திறக்காமலே “கெணத்தடி மரம்” என்பாள். அடுத்ததற்கு, “மூலை மரம். மாடு வாய் வைக்கதுக்கு முன்னால போயி எடுத்துரணும்ட்டீ” என்பாள். அந்த ‘ஏட்டி’ நான்தான். கிழக்கு வெளுக்கிற வரைக்கும் பாயில் புரண்டுகொண்டே கிடப்பேன்.

திருச்செந்தூரிலிருந்து சாத்தான்குளம் போகிற பக்கம், குதிரைமொழித் தேரியை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். தேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு விளக்கித்தான் ஆக வேண்டும். கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு மணல், மேடும் பள்ளமுமாக. ஆடிக்காற்று கிளம்பினால் மேடு இடம் மாறும்; நேற்று நடந்த தடம் இன்றைக்கு இருக்காது. பானையை எப்படி மூடி வைத்தாலும் சோற்றில் மணல் நெறுநெறுக்கும். அந்த மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்பவை பெரும்பாலும் உடை மரமும் பனையும்தான். உடை முள் வேலிக்கு ஆகும். மற்ற எல்லாவற்றுக்கும் பனை.

பனைக்கு 801 பயன் உண்டென்று ‘தால விலாசம்’ என்ற பழைய நூல் பாடுவதாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் யாரும் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை. கூரையும் ஓலை, பாயும் ஓலை, சுளகும் ஓலை, மீன் வாங்கப் போகிற பெட்டியும் ஓலை. இதில் எதை விட்டு எதை எண்ணுவது?

தாத்தா பனையேறி. பங்குனியில் பாளை விட்டதிலிருந்து ஆடி முடிய அவரைத் தரையில் பார்ப்பது அபூர்வம். காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவ வேண்டும். நாலு நாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும், அப்புறம் சொட்டுக்கூட வடியாது. காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி, கலயத்துக்கு உள்ளே தடவச் சுண்ணாம்பு. விளை நடுவில் ஓலையால் கட்டிய விடிலி இருக்கும். அதற்குள் அடுப்பு, அடுப்பில் பதனீர் காய்ச்சும் தாச்சி, தாச்சியைச் சுற்றி அம்மாவும் சித்தியும் ஆச்சியும். அப்பாவுக்குத் திருச்செந்தூரில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து, ஓலைப் பட்டையில் பதனீர் குடித்துவிட்டுத் தூங்குவார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் விடிலிக்கு வர வேண்டும். நான், அண்ணன், சித்தப்பா பிள்ளைகள் மூன்று பேர். வேலை ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் காய்ந்து விழுந்த காவோலை பொறுக்க வேண்டும். ஒருவர் கலயம் கழுவ வேண்டும். அந்தக் கழுவின தண்ணீர் ஆட்டுத் தொட்டிக்குப் போகும். ஒருவர் சில்லாட்டையை, அதுதான் பன்னாடையை, பிடித்துக்கொண்டு நிற்க, அதில் பதனீரை வடிகட்டுவாள் அம்மா. எறும்பு, தேனீ, மரத்தூசி எல்லாம் சில்லாட்டையில் தங்கும். உயிரோடிருக்கிற தேனீயை விரலால் எடுத்து வெயிலில் விட வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் எங்களுக்குள் அடிதடி நடக்கும். இறகு ஒட்டிக்கொண்டு கிடக்கிற தேனீ கொஞ்ச நேரம் காலால் காலைத் தேய்க்கும், வயிற்றைத் தூக்கித் தூக்கி இறக்கும், பிறகு ஒரு நொடியில் காணாமல் போகும். அந்த நொடியைப் பார்க்க முடியாது என்று அண்ணன் சொல்வான். நான் பார்த்தேன் என்று சாதிப்பேன்.

கூலி என்பது கூப்பதனி. பதனீர் கொதித்துப் பாகாக மாறும் முன்பு ஒரு பதம் வரும். அப்போது ஆச்சி ஒரு சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பாள். வேலை செய்யாதவனுக்குச் சிரட்டை கிடையாது. பதனீர் குடித்த பட்டையை ஆட்டுக்குப் போட வேண்டும். அடுப்புச் சாம்பல் கத்தரிப் பாத்திக்கு. விடிலியிலிருந்து வெளியே தூக்கி எறிய ஒன்றுமே மிஞ்சாது. இதை அந்தக் காலத்தில் நாங்கள் ஒரு பெருமையாக நினைத்ததில்லை. எறிந்தால் கேள்வி வரும், அவ்வளவுதான்.

ராத்திரி மரநாய் வந்து கலயத்தில் வாய் வைக்கும். பதனீரைக் குடித்துவிட்டுக் கலயத்தையும் தள்ளிவிட்டுப் போய்விடும். அண்ணனுக்கு ஆத்திரம். சுருக்குக் கண்ணி செய்துகொண்டு வந்து தாத்தாவிடம் காட்டினான். தாத்தா அதை வாங்கி முடிச்சைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் போட்டிருக்க. மரநாய் இருக்கப் போயித்தான் எலி இந்தப் பக்கம் தலைகாட்டாம இருக்கு. மரநாயக் கொன்னுட்டா நீ எலி பிடிப்பியாலே?” என்று கேட்டார். கண்ணிக் கயிறு கிணற்று வாளிக்குப் போய்விட்டது.

ஓலை கழிக்கிற காலத்தில் இன்னொரு கூத்து. அடியில் தொங்குகிற காவோலைகளை ஒன்று விடாமல் கழித்தால்தான் மரம் பார்க்க லட்சணமாக இருக்கும், ஏறவும் தோது. ஆனால் எல்லா வருஷமும் இரண்டொரு மரத்தில் ஒற்றை ஓலை மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். சின்னக் கறுப்புக் குருவி ஒன்று, வில் மாதிரி வளைந்த இறக்கையோடு பனை உச்சியைச் சுற்றிக்கொண்டே இருக்குமே, அது ஓலையின் உள்பக்கம் கூடு கட்டியிருக்கும். அதன் பெயர் பனை உழவாரன் என்று வெகுகாலம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். குஞ்சு பறந்த பிறகு தாத்தா அந்த ஓலையை வெட்டி இறக்கிக் கொண்டுவந்து காட்டினார். கூடு உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டி, ஓலை மடிப்பில் ஒரு சின்ன உதடுபோல் வைத்திருந்தது. அண்ணன் ஓலையைப் பிடித்து உலுக்கினான், கூடு அசையவில்லை. ஆடிக்காற்றையே தாங்கிய ஒட்டு. சித்தப்பா மகள் அதை ரொம்ப நாள் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள்.

பனைக்குக் கிளை கிடையாது, உச்சியில் ஒரே ஒரு குருத்துத்தான். அது போனால் மரமே போச்சு என்பதை நாங்கள் கார்த்திகைக்குக் கற்றுக்கொண்டோம். ஓலைக்கொழுக்கட்டைக்குப் பச்சை ஓலை வேண்டும். மாவை ஓலைக்குள் வைத்து, இன்னொரு ஓலையால் மூடிக் கட்டி அவிப்பது. இளசாக இருந்தால் வாசனை தூக்கும் என்று சித்தி ஆசைப்படுவாள். தாத்தா குருத்தில் கை வைக்க மாட்டார், அதற்கு அடுத்த சாரோலையைத்தான் வெட்டித் தருவார். “கொழுக்கட்டை ஒரு நாளுக்கு. மரம் நாளைக்கும் நிக்கணும்லா” என்பார். சித்தி முணுமுணுத்துக்கொண்டே மாவைப் பிசைவாள்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில். தேரிக்கு நடுவே இருக்கிற அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கு வண்டி கட்டிப் போவோம். அந்தச் செம்மணலுக்குள் இப்படி ஒரு நல்ல தண்ணீர்ச் சுனையா, இப்படி ஒரு மரக்கூட்டமா என்று புதிதாக வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அங்கே பொங்கல் வைக்க வேண்டிய காவோலையை வீட்டிலிருந்தே கட்டி எடுத்துப் போவோம். சாஸ்தா மரத்தில் ஒரு சுள்ளி ஒடிக்கக் கூடாது. ஏன் என்று யாரும் சொன்னதில்லை. சாமி குத்தம் என்பதற்கு மேல் எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பழத்துக்கு வருகிறேன். அதுதான் வருஷத்தின் பெரிய திருவிழா.

விடிந்ததும் ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்த பழங்களைத் தணலில் போட்டுச் சுடுவார்கள். கறுப்புத் தோல் வெடித்து, உள்ளே மஞ்சளும் காவியுமாகச் சாறு பொங்கும். அந்த வாசனை சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, “யாரு பனம்பழம் தின்னுட்டு வந்தது?” என்று கேட்டால் வகுப்பில் பாதி கை தூக்கும். நார் பல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். சப்பிச் சப்பி நார் வெளுத்த கொட்டைக்குக் கரியால் கண், மூக்கு, மீசை வைத்து ஊர்ப் பெரியவர்கள் பெயரைச் சூட்டுவோம். மிஞ்சிய பழத்தைத் துண்டு போட்டுக் கருப்பட்டியோடு அவித்து வைப்பாள் அம்மா.

கொட்டையைத் தூர எறிந்தவனுக்கு மறுநாள் பழம் கிடையாது. சப்பி முடித்ததைக் கொண்டுபோய்க் கிணற்றடிக் குவியலில் போட வேண்டும். குவியல் எங்கள் இடுப்பளவு உயர்ந்ததும் ஆச்சி நாள் பார்ப்பாள். ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னால் பாத்தி கட்டியாக வேண்டும்.

மணலைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, மேடாகக் குவித்துப் பாத்தி கட்டுவார் சித்தப்பா. பள்ளம் தோண்டாமல் எதற்கு இப்படி மேடு கட்டுகிறார் என்பது கிழங்கு பிடுங்கும்போதுதான் புரியும். பனங்கொட்டையின் முளை மற்ற விதைகள்போல வெளிச்சத்தைப் பார்த்து வராது. முதலில் நேரே மண்ணுக்குள் இறங்கும். இறங்கின இடத்தில்தான் கிழங்கு விளையும். மண் இறுகிக் கிடந்தால் கிழங்கு கோணிக்கொள்ளும். பிடுங்கினால் பாதியில் முறியும். கொட்டை அடுக்குவது பிள்ளைகள் வேலை. கண் கீழே பார்க்க, ஒன்றோடொன்று தோள் இடிக்க வைக்க வேண்டும். ஆச்சி ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் எங்களிடம் கொடுப்பாள். லேசாக இருந்தால் வண்டு அரித்ததென்று அடுப்புக்கு. நல்ல கனமாக, உருண்டு திரண்டு இருந்தால் அதைத் தனியாகத் தன் முந்தானைப் பக்கம் ஒதுக்கிக்கொள்வாள். எங்களுக்குக் கோபம் வரும். பெரிய கொட்டையில் பெரிய கிழங்கு விளையும், அதைப் பாத்தியில் போடாமல் ஏன் ஒதுக்க வேண்டும்?

ஒதுக்கினது வேலிக்கு. பாத்தி மூடி முடிந்ததும், தலைக்கு இத்தனை என்று எண்ணிக் கையில் கொடுத்து, விளையைச் சுற்றி எங்களை நடக்க விடுவாள். ஆளுக்கு ஒரு பக்கம். கிழக்கு வேலி எனக்கு. நடைக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு கொட்டை, மேலே உடை முள். “பாத்தில போட்டது நமக்கு. வேலில போட்டது உத்தரத்துக்கு” என்பாள். யார் வீட்டு உத்தரம் என்று ஒரு தடவை கேட்டேன். “ஒம் பேரன் வீட்டு உத்தரம்” என்றாள். எனக்கு அப்போது பாவாடை நாடாவே சரியாகக் கட்டத் தெரியாது.

கன்றை வடலி என்போம். வடலி மரமாகிப் பாளை விடப் பதினைந்து வருஷமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஆணா பெண்ணா என்பதே அப்போதுதான் தெரியும். வைரம் பாய்ந்து உத்தரத்துக்கு ஆக இன்னும் எத்தனையோ காலம். வெளியூரிலிருந்து வந்த ஒரு மாமா ஆச்சியைச் சீண்டினார்: “தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்னு சொல்லுவாவ. நீங்க பாக்கக்கூட மாட்டிய போலுக்கே அத்தே.” ஆச்சி குழியை மூடிக்கொண்டே சொன்னாள்: “பாக்காட்டாலும் சாவத்தானே போறேன். சும்மா நிக்கதுக்கு நீரும் ரெண்டு கொட்டையப் போடும்.” மாமா வேட்டியை மடித்துக் கட்ட வேண்டியதாயிற்று.

வேலிக் கொட்டைக்கு ஆடு மாட்டைவிடப் பெரிய எதிரி நாங்கள்தான். மார்கழியில் எந்த இடத்தில் கிழங்கு இறங்கியிருக்கிறது என்று பையன்களுக்கு மூக்கிலேயே தெரியும். ராவோடு ராவாகத் தோண்டிச் சுட்டுத் தின்றுவிடுவார்கள். இதற்கு ஆச்சி வைத்திருந்த காவல்தான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. திட்ட மாட்டாள், அடிக்க மாட்டாள். பாத்தி பிரிக்கிற அன்று வேலியைச் சுற்றி ஒரு நடை போவாள். யார் பக்கத்தில் எத்தனை குழி கலைந்திருக்கிறதோ, அவர் பங்குக் கிழங்கில் அத்தனை குறையும். அடுத்த தெருப் பையன் தோண்டினாலும் குறைவது நம் பங்குதான். அதனால் கிழக்கு வேலிக்கு நானே காவல். சாயங்காலம் முள் விலகியிருக்கிறதா என்று பார்க்காமல் விளையாடப் போனதில்லை. பூமியைக் காக்க வேண்டும் என்ற ஒரு வார்த்தையை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. வயிற்றை வைத்துத்தான் எங்களை வேலை வாங்கினார்கள். சொல்லித் திருத்துவதைவிட இது பலித்தது என்றுதான் நினைக்கிறேன்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் பாத்தி பிரிப்பார்கள். சித்தப்பா ஒரு பக்கத்து மணலை மண்வெட்டியால் இழுத்துவிட்டதும், உள்ளே வரிசையாகக் கிழங்குகள் வெளுத்து நிற்பது தெரியும். மணல் ஈரமாக, தொட்டால் ஜில்லென்று இருக்கும். கழுத்தைப் பிடித்து ஒரு திருகு திருகி இழுத்தால் சலக்கென்று வரும். மேலே ஒட்டியிருக்கிற கொட்டையை அரிவாளால் பிளந்தால் உள்ளே தவண். வெள்ளையாக, மெத்தென்று, லேசாக இனிக்கும். பிளக்கிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, எண்ணெய் தடவின தலைகள் ஐந்தும் முட்டிக்கொள்ளும். கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டுப் பானையில் அவித்து, தோலுரித்து, இரண்டாகப் பிளந்து, நடு நரம்பை உருவிவிட்டுக் கடித்தால் மாவாகக் கரையும். சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் கட்டுக் கட்டாகப் போகும். பொங்கல் அன்றைக்குப் பானைக்கு அடியில் எரிவதும் காவோலைதான். படபடவென்று அது எரிகிற வேகத்துக்கு ஓலை தள்ள ஒரு ஆள் வேண்டும்.

பிறகு நடந்தது தென்மாவட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பனையேறிகளின் பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் கடைகளுக்குப் போனார்கள். ஏற ஆள் இல்லாத மரம் வெறும் மரமாகி, செங்கல் சூளைக்கு விறகாக லாரி லாரியாகப் போனது. எங்கள் விளையிலும் மேல்வரிசை முழுக்க அப்படித்தான் போயிற்று. வீட்டுக்குக் கான்கிரீட் கூரை வந்தது, உத்தரம் தேவைப்படவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தபோது அண்ணன் போன் செய்து சொன்னான். சந்தோஷம்தான். வெட்டிப் போனவற்றை எண்ணினால் வருகிற வயிற்றெரிச்சல் வேறு விஷயம்.

2023இல் கடற்கரை நெடுகிலும் ஒரு கோடி பனை விதை ஊன்றும் இயக்கம் என்று செய்தி வந்தது. இப்போது ஆவணி, புரட்டாசியில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் ஏரிக்கரையில் பனை விதைத்தேன் என்கிறது. நல்லதே. ஆனால் பிள்ளைகளை வேனில் கூட்டிப்போய், ஆளுக்கு நாலு கொட்டை கொடுத்து, தொப்பி போட்டுப் படம் எடுத்து, ஜூஸ் கொடுத்துக் கூட்டிவருவதோடு அது முடிந்துவிடுகிறதே என்பதுதான் எனக்கு உறுத்தல். ஊன்றுவது ஒரு காலை நேர வேலை. மார்கழியில் தோண்டாமல் இருப்பதும், கோடையில் முள் வைப்பதும், ஏரியைத் தூர்வார வரும் ஜேசிபிக்காரரிடம் “அங்கன வடலி நிக்கி, பாத்துப் போங்க” என்று சொல்ல ஒரு ஆள் இருப்பதும்தான் பாக்கி வேலை. அதற்கு வேன் வருவதில்லை. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் பனம்பழத்தை ஒரு முறையாவது சப்பியிருப்பார்கள் என்றும் தெரியவில்லை. ருசி தெரியாத மரத்தை எப்படிக் காவல் காப்பது?

என் பேத்தி போன வருஷம் பள்ளியிலிருந்து ஒரு பை நிறையக் கொட்டை கொண்டுவந்தாள். சென்னையில் நாலாம் மாடி. ஊன்ற இடமில்லையே என்று அவள் அம்மா முழித்தாள். நான் இரண்டு சாக்கில் செம்மண்ணையும் தேங்காய் நார்க் கழிவையும் கலந்து நிரப்பி, மொட்டைமாடியில் நிறுத்தி, கொட்டையைக் கண் கீழாக அடுக்கச் சொன்னேன். தினமும் காலையில் பல் விளக்கியதும் மாடிக்கு ஓடினாள். மூன்று வாரமாக ஒன்றும் தெரியாததால் பாட்டியின் மேலிருந்த நம்பிக்கை குறைந்தது. தைக்குச் சாக்கைக் கிழித்தோம். விரல் மொத்தத்தில்தான் கிழங்கு. அவித்துக் கொடுத்ததும் ஒரு கடி கடித்து, மென்று பார்த்து, “நரம்பு வருது பாட்டி” என்றாள். உருவிக் கொடுத்தேன். பிறகு தட்டில் இருந்தது எல்லாவற்றையும் தின்றுவிட்டு, “நட்டா மரம்தானே வரணும்? நாம தின்னுட்டோமே?” என்று திடீரென்று கவலைப்பட்டாள். பாத்தி, வேலிக் கதையை அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

இந்த வருஷம் பெரிய கொட்டையாகப் பார்த்துத் தனி டப்பாவில் ஒதுக்கி வைத்திருக்கிறாள். ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போய் விளையில் போட வேண்டுமாம். அண்ணனுக்குப் போன் போட்டு அவளே கேட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல் மாடி வரை கேட்டது. “தாராளமா கொண்டாங்க. கிழக்கு வேலி காலியாத்தான் கெடக்கு. ஆனா பக்கத்து விளையில நாப்பது ஆடு நிக்கி. முள்ளு யாரு வெட்டுவா? ஒங்க பாட்டியக் கேட்டுச் சொல்லு.”